எஞ்சினை மாத்தலாமா? - ஒரு அம்பாசடர் பஞ்சாயத்து

வீட்ல ஒரு பெரிய பஞ்சாயத்து. சொத்துத் தகராறுன்னு நினைச்சிடாதீங்க. ஒரு வகையில பார்த்தா அதுவும் சொத்துதான், ஆனா அதை வித்தா பழைய இரும்புக் கடைக்காரர் கூட யோசிச்சுத்தான் காசு குடுப்பாரு. எங்கப்பாவோட அம்பாசடர் பத்திதான் சொல்றேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க. 1972 மாடல், மார்க் 2. முன்னாடி கட்டம் கட்டமா கிரில் இருக்குமே, அந்த வண்டி. அப்பா 1981ல திண்டிவனத்துல ஒரு டாக்டர்கிட்டேர்ந்து செகண்ட் ஹேண்டா வாங்கினாரு. அப்பாவுக்கு உப்பு யாவாரம். பொம்மையார்பாளையத்துலேர்ந்து மரக்காணம் உப்பளத்துக்கும், அங்கேர்ந்து திண்டிவனம், விழுப்புரம் மண்டிகளுக்கும் இந்த வண்டிதான் ஓடிச்சு. சாம்பிள் மூட்டைய டிக்கியில போட்டுக்கிட்டுப் போவாரு. உப்பு மூட்டைய காரு டிக்கியில வச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். நான் ஸ்கூல் படிக்கறப்பவே டிக்கி ஓட்டை வழியா ரோடு தெரியும். அப்பா 2009ல போனாரு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிளப்பி, காலாப்பட்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து மூடி வைக்கறதோட சரி.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். பாண்டிச்சேரி பக்கமா கரையைக் கடந்து, நகராம அங்கயே நின்னு கொட்டுச்சு. எங்க வீட்டு ஷெட்டு கொஞ்சம் பள்ளத்துல இருக்கு. காலைல போய்ப் பார்த்தா வண்டி பாதி டயர் தண்ணியில நிக்குது. தண்ணி வடிஞ்சதும் பேட்டரியக் கழட்டி வச்சேன், சீட்டெல்லாம் வெயில்ல போட்டேன், அத்தோட விட்டுட்டேன். அதான் நான் பண்ண தப்பு. ஆயிலையும் இறக்கல, பிளக்கையும் கழட்டிப் பார்க்கல. நாலு மாசம் கழிச்சு ஹேண்டில் போட்டுச் சுத்தினா அசையவே இல்ல. எஞ்சின் ஜாம்.

இங்கதான் பஞ்சாயத்து ஆரம்பிச்சுது.

அக்கா பையன் சிறுசேரில சாஃப்ட்வேர் வேலை. கார்னா உயிரு. “மாமா, இதுதான் சான்ஸ். இந்த எஞ்சினத் தூக்கிப் போடுங்க. இசுசு எஞ்சின் ஒண்ணு புதுப்பேட்டைல பார்த்து வச்சிருக்கேன். அஞ்சு கியர், ஏசி போடலாம், ஈசிஆர்ல நூறுல போலாம்”னு ஃபோன்லயே குதிக்கறான். எனக்குத் தெரியாம அஞ்சாயிரம் அட்வான்ஸ் வேற குடுத்துட்டான். தங்கமணி கட்சி வேற: “ஏங்க, முதல்ல பெட்ரூமுக்கு ஏசி போடுங்க, அப்புறம் காருக்குப் போடலாம்.” (இதுக்கு நான் பதில் சொல்லல. சொன்னா இந்தப் பதிவு வந்திருக்காது.)

இசுசுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதல்ல காண்டசாவுல போட்டு, அப்புறம் 1990கள்ல அம்பாசடர்லயும் போட்ட 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். 1817 சிசி, 75 ஹெச்.பி., தரையிலேர்ந்து வர்ற அஞ்சு கியர். எங்க வண்டில இருக்கறது பழைய பிஎம்சி 1489 சிசி, சுமார் 55 ஹெச்.பி. ஸ்டீரிங் பக்கத்துல கை கியர். காகிதத்துல பார்த்தா மருமகன் சொல்றது சரிதான். கம்பெனியே அம்பாசடருக்குப் போட்ட எஞ்சின்தானே, ஃபோர்டோ டொயோட்டாவோ இல்லியே? நானும் ரெண்டு வாரம் ஊசலாடினேன், ஒத்துக்கறேன்.

ஆனா கடைசில வேணாம்னு முடிவு பண்ணேன். ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. சென்டிமென்ட்னு சொல்லி முடிச்சிடலாம், ஆனா அது மட்டும் இல்ல. சென்டிமென்ட்டுக்காக ஷெட்டுல ஜாம் ஆன இரும்ப வச்சிக்கிட்டு இருக்கறது முட்டாள்தனம்னுதான் நானும் நினைக்கறேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். எஞ்சின் மாத்தறது பாவம்னு சொல்ற கோஷ்டி நான் இல்ல. எங்க ஊரு கடலோர ஊரு. கட்டுமரத்துல துடுப்புப் போட்டவங்க பிள்ளைங்க ஃபைபர் போட்டுக்கு வந்தாங்க, குறிப்பா 2004 சுனாமிக்கப்புறம். போட்டுல இருக்க டீசல் எஞ்சின் தேய்ஞ்சா வேற எஞ்சின் போடுவாங்க. “அய்யோ, ஒரிஜினல் எஞ்சின் போச்சே”ன்னு கரையில உக்காந்து யாரும் அழுது நான் பார்த்ததில்ல. அது பொழப்பு. விடியறதுக்கு முன்னாடி கடலுக்குப் போறவனுக்கு எஞ்சின் கிளம்பணும், அவ்ளோதான். அதே மாதிரி டாக்ஸி ஓட்டின அண்ணன்மாரு அம்பாசடர் பெட்ரோல் எஞ்சின இறக்கிட்டு மேட்டடார் டீசல் எஞ்சின ஏத்துனாங்களே, அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன். டீசல் விலை பெட்ரோல் விலைல பாதி அளவுக்கு இருந்த காலம். குடும்பம் சாப்பிட்டாகணும். மகேந்திரா ஜீப்புங்க கதையும் அதுதான், கம்பெனியே பெஜோ டீசலுக்கு மாறினப்புறம் பழைய பெட்ரோல் ஜீப்ப எவன் அப்படியே வச்சிருந்தான்?

ஆக, சோறு போடற வண்டிக்கு ஒரு நியாயம். ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடற வண்டிக்கு வேற நியாயம். என் வண்டி எனக்கு சோறு போடல. நான்தான் அதுக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். எஞ்சின் மாத்தறதுன்னா ஒரு எஞ்சினக் கழட்டி இன்னொண்ண வைக்கறதுன்னு மருமகன் நினைச்சிக்கிட்டு இருந்தான். நானும்தான். பாண்டில எங்க மெக்கானிக் பாய்கிட்ட போய்க் கேட்டப்பதான் தெரிஞ்சுது. அப்பா காலத்துலேர்ந்து இந்த வண்டியப் பார்க்கறவரு, இப்ப எழுபது தாண்டியாச்சு, பையன்தான் பட்டறையப் பார்த்துக்கறான். அவரு ஒரு துண்டுச் சீட்டுல கணக்கு எழுதினாரு. எஞ்சின் மவுன்டிங் மாறணும். கியர் பாக்ஸ் மாறணும், அப்ப புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும். தரையில ஓட்டை போட்டு கியர் ராடு கொண்டு வரணும், கை கியர் மொத்தமும் வெளியே. ரேடியேட்டர், சைலன்சர் பைப்பு, கிளட்ச் லிங்கேஜ், ஆக்சிலரேட்டர் கேபிள், வயரிங். எல்லாம் சேர்த்து ஒண்ணே முக்கால் லட்சம். எழுதி முடிச்சிட்டுக் கண்ணாடியக் கழட்டி வச்சிக்கிட்டு, “பண்ணித் தரேன் தம்பி. ஆனா அதை உக்கார வைக்க உன் வண்டில என்ன இருக்கு?”ன்னாரு.

எனக்குப் புரியல. கைய புடிச்சிக் கூட்டிட்டுப் போய் பானெட்டுக்குக் கீழ டார்ச் அடிச்சுக் காமிச்சாரு. அம்பாசடருக்கு லாரி மாதிரி தனியா சேசிஸ் கிடையாது. இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வண்டிதான் இங்க 1957 வாக்குல அம்பாசடர் ஆச்சு, அதுல உடம்பே சேசிஸ். எஞ்சின் கனத்தையும் முறுக்கையும் தாங்கறது முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்க ரெண்டு பெட்டிக் கால்தான். அம்பது வருஷம் உப்புக் காத்து குடிச்ச கால். ஸ்குரூ டிரைவரால குத்தினாரு, ஒரு இடத்துல பொல பொலன்னு கொட்டுச்சு. “55 குதிரைக்கே இது அழுவுது. 75 குதிரைய கட்டி நூறுல போவியா?”

அடுத்து பிரேக்கக் காட்டினாரு. நாலு சக்கரத்துக்கும் டிரம், பூஸ்டர் கிடையாது, ஒரே லைன். எங்கயாவது ஒரு ஓஸ் பிச்சிக்கிட்டா நாலும் போச்சு. நம்ம ஈசிஆர் எப்படின்னு இந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். வீக்கெண்டுல சென்னைலேர்ந்து வர்ற வண்டிங்க பறக்கும், குறுக்க ஆடு வரும், ஐஸ் பெட்டி கட்டின டிவிஎஸ் எக்செல் வரும், ஆரோவில் பக்கத்துலேர்ந்து ஹெல்மெட் இல்லாம வெள்ளைக்காரங்க ஸ்கூட்டர்ல வருவாங்க. இதுல நூறுல போற அம்பாசடர நிறுத்தறது ஆண்டவன் கைல.

இதுதான் என் முதல் கட்சி. பழைய வண்டிய அப்கிரேட் பண்ணணும்னு ஆசைப்படறவங்க பத்துல ஒம்பது பேரு வேகமா ஓடறதுக்குப் பண்றாங்க, நிக்கறதுக்குப் பண்றதில்ல. காசிருந்தா முதல்ல பிரேக்குக்குப் போடுங்க. டபுள் லைன் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், நல்ல ஹெட்லைட், சீட் பெல்ட், பாட்டம் வெல்டிங். எஞ்சின் மாத்தறவங்ககிட்ட இதுக்குக் காசு மிஞ்சறதில்ல.

எஞ்சினும் வண்டியும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலன்னா என்ன ஆகும்னு நம்ம ஊர்லயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. இது தலைகீழ் கேஸ். வண்டலூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்துச்சே, ஹெரால்டு, கெஸல் எல்லாம் பண்ணவங்க. 1985ல ஸ்டாண்டர்டு 2000ன்னு ஒரு காரு விட்டாங்க. வெளிய பார்த்தா ரோவர் எஸ்டி1, இங்கிலாந்துல பெரிய மனுஷங்க வண்டி. பானெட்டத் தொறந்தா உள்ள ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து எஞ்சின், 1940கள்ல போட்ட டிசைன். புது மாப்பிள்ளைக்கு தாத்தாவோட இதயம். மைலேஜும் இல்ல, இழுவையும் இல்ல, விலையும் எக்கச்சக்கம். 1988ல கதை முடிஞ்சுது, கம்பெனியும் எழுந்திருக்கல. அந்த எஞ்சின் மட்டமான எஞ்சின் இல்லீங்க. அதே வம்சம்தான் டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காருல இருந்துச்சு. அதுக்குன்னு செஞ்ச உடம்புல நல்லாத்தான் ஓடிச்சு.

அதே மாதிரி நம்ம அம்பாசடர் எஞ்சினையும் ரொம்ப மட்டம் தட்டறாங்க. மாட்டு வண்டி எஞ்சின்னு சொல்லுவான் மருமகன். அவனுக்கு ஒரு தகவல் சொன்னேன், அசந்துட்டான். இதே பிஎம்சி பி சீரிஸ் 1489 சிசி எஞ்சின்தான் 1955ல வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காருல இருந்தது. ரெண்டு கார்ப்பரேட்டர், வேற ட்யூனிங், அவ்ளோதான். அதுக்கப்புறம் வந்த எம்ஜிபி காருல இதே குடும்பத்தோட 1798 சிசி அண்ணன், 1980 வரைக்கும். இதுல நமக்கு என்ன லாபம்னா, எம்ஜி வச்சிருக்கவங்க உலகம் பூரா இருக்காங்க. அதனால இந்தக் குடும்பத்து எஞ்சினுக்கு வால்வு, கேஸ்கட், பேரிங்னு இன்னைக்கும் இங்கிலாந்துல புதுசா செஞ்சு விக்கறாங்க. நமக்கு அங்க போகவும் வேணாம், ஜி.பி. ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் தேடினாலே முக்கால்வாசி கிடைக்குது. உத்தர்பாரா ஆலை 2014 மே மாசம் உற்பத்திய நிறுத்தி, 2017ல அம்பாசடர்ங்கற பேரையே 80 கோடிக்கு பெஜோவுக்கு வித்துட்டாங்க. பேரு போச்சு, பிஸ்டன் ரிங்கு மட்டும் இன்னும் கிடைக்குது!

குறையே இல்லன்னு சொல்ல வரல. மூணே மூணு மெயின் பேரிங், விரட்டினா கிராங்க் அழும். ஆயில் ஒழுகும், ஒழுகலன்னா உள்ள ஆயில் இல்லன்னு அர்த்தம்னு பாய் சொல்லுவாரு. எழுபது எண்பதுல போனா நாள் பூரா போகும். எங்க ரோட்டுக்கு அது போதும்.

இப்ப உண்மையான சிக்கல் ரெண்டு சொல்றேன், ரெண்டும் பெட்ரோல் சம்பந்தப்பட்டது. “ஒரிஜினலா ஒரு நட்டு கூட மாத்தக்கூடாது”ன்னு சொல்றவங்களோட நான் பிரியற இடமும் இதுதான்.

முதல்ல ஈயம். இந்த எஞ்சின் பொறந்தப்ப பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்தது. அது வால்வு சீட்டு மேல மெல்லிசா படிஞ்சு ஒரு மெத்தை மாதிரி இருக்கும். 2000 பிப்ரவரி 1லேர்ந்து நாடு பூரா ஈயமில்லா பெட்ரோல்தான். ஊருக்கு, குழந்தைங்களுக்கு ரொம்ப நல்லது, மாத்துக் கருத்தே இல்ல. ஆனா வார்ப்பிரும்பு ஹெட்டுல நேரா கடைஞ்ச சீட்டு மெத்தை இல்லாம அடி வாங்கி உள்ள இறங்கும். டாப்பெட் கிளியரன்ஸ் குறைஞ்சிக்கிட்டே வரும், கடைசில வால்வு மூடாது, கருகிடும். வைத்தியம் என்னன்னா, எக்ஸாஸ்ட் சீட்டக் கடைஞ்சு எடுத்துட்டு கெட்டியான வளையம் அடிக்கறது. ஒரு நல்ல லேத்துக் கடையில ரெண்டு நாள் வேலை.

ரெண்டாவது எத்தனால். 2025ல பங்குல எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வந்துட்டோம். எத்தனாலுக்குத் தண்ணின்னா ஆசை, காத்துலேர்ந்தே இழுத்துக்கும். எங்க ஊர்க் காத்துல தண்ணிக்கா பஞ்சம்? வாரத்துக்கு ஒரு நாள் கிளம்பற வண்டில அது டேங்குக்குள்ள அடியில போய் உக்காந்துக்கும், டேங்கு துரு பிடிக்கும். அந்தக் காலத்து ரப்பர் ஓஸ், பம்பு டயஃப்ரம், கார்ப்பரேட்டர் கார்க்கு எல்லாம் ஊறி உப்பிப் பிஞ்சு போகும். பிஞ்ச ஓஸ்லேர்ந்து சொட்டற பெட்ரோல் நேரா சூடான மேனிஃபோல்டு மேல. பழைய வண்டி தீப்பிடிக்கறது இப்படித்தான். அதனால ஓஸ், டயஃப்ரம் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ரகத்துக்கு மாத்தியே ஆகணும். கலவையும் கொஞ்சம் மெலிஞ்சிடும், எஸ்யூ கார்ப்பரேட்டர்ல ஊசிய மாத்தி சரி பண்ணலாம். ரொம்ப நாள் நிறுத்தறதா இருந்தா டேங்க காலி பண்ணிடுங்க.

பாயிண்டு, கண்டென்சர எடுத்துட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளயே ஒளிஞ்சிக்கற எலக்ட்ரானிக் இக்னிஷன் போடறது, டைனமோவுக்கு பதிலா ஆல்டர்னேட்டர் மாட்டறது, இதெல்லாம் தாராளமா பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன். ஏன்னா கழட்டினத ஒரு டப்பால போட்டு வச்சிட்டா நாளைக்கு யார் வேணா ஒரு மத்தியானத்துல பழையபடி மாட்டிடலாம். தரையில ஓட்டை போட்டு, முன்கால அறுத்து வெல்டு வச்சத அப்படித் திருப்ப முடியாது. இது நான் கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல. பழைய வண்டிகளுக்கான சர்வதேச அமைப்பு ஃபிவான்னு ஒண்ணு இருக்கு, 1966லேர்ந்து. 2013லேர்ந்து டூரின் சாசனம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதோட சாரமும் கிட்டத்தட்ட இதான். 2018 மே மாசம் இங்கிலாந்து இளவரசர் ஹாரி கல்யாணத்துல ஒரு பழைய ஜாகுவார் ஈ-டைப்புக்கு எலக்ட்ரிக் மோட்டார் வச்சு ஓட்டிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. அடுத்த வருஷம் ஃபிவா, இப்படி மாத்தற வண்டிய சரித்திர வண்டின்னு எங்களால சொல்ல முடியாது, ஆசைப்பட்டா பண்ணிக்கோங்க, ஆனா கழட்டின சாமானை எல்லாம் பேர் எழுதி பத்திரமா வச்சிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. சண்டையும் போடல, விட்டும் குடுக்கல. நல்ல பெரிய மனுஷத்தனம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தேடினேன், ஏன்னா மருமகன் “அதெல்லாம் யார் மாமா பார்க்கறா”ன்னான். பார்ப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி சொன்ன விவரத்தோட ஆர்.சி. விவரம் மாறுபடற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது. 2019 ஜனவரில ஒரு கேரளா வழக்குல உச்ச நீதிமன்றமும் இதைக் கறாரா சொல்லிடுச்சு. ஆர்.சி.ல ஒரு எஞ்சின் நம்பரு, பானெட்டுக்குள்ள வேற நம்பருன்னா விபத்து நடந்த அன்னிக்கு இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் பார்ப்பான். அது போக, 2021 ஜூலைல மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டு வந்தாங்க. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது. புதுசா பதிவு பண்ண 20,000 ரூபா, பத்து வருஷத்துக்கு, மறுபடி பண்ண 5,000. ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சிக்கலாம். என் வண்டிக்கு 2022லயே 50 முடிஞ்சுது. நான் அப்ளை பண்ணல, பண்ணவும் போறதில்ல, ஏன்னா வின்டேஜ்னு பதிவு பண்ணா சும்மா தினப்படி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான். எனக்கு மரக்காணம் போகணும். ஆனா எனக்கப்புறம் யாராவது ஆசைப்பட்டா அந்தக் கதவு தொறந்தே இருக்கணும்ல? இசுசு வச்சா அது மூடிடும்.

இந்த ஆராய்ச்சியில எஞ்சின் நம்பரப் பார்ப்போமேன்னு ஒரு நாள் பிளாக்குல ரிவெட் அடிச்ச தகட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, ஆர்.சி. புக்கு முதல் பக்கத்தோட ஒப்பிட்டுப் பார்த்தேன்.

வேற நம்பர்!

அவ்வ்வ்வ். நாலு மாசமா “ஒரிஜினல், ஒரிஜினல்”னு வீட்ல மார்தட்டினவன் நான். மருமகனுக்குச் சொல்லவே இல்ல. நேரா பாய்கிட்ட ஓடினேன். அவரு சிரிக்கறாரு. “உங்கப்பாரு சொல்லலியா? எண்பத்தெட்டோ எண்பத்தொம்பதோ, பழைய எஞ்சின் பிளாக்கு வெடிச்சிட்டுது. ஆக்சிடென்ட் ஆன டாக்ஸியிலேர்ந்து ஒரு எஞ்சின் வாங்கி நான்தானே ஏத்துனேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூணு நடை நடந்தாரு. புக்கு கடைசிப் பக்கம் பாரு.”

பார்த்தேன். அந்தக் காலத்து நோட்டு மாதிரி ஆர்.சி. புக்கு. பின்னாடி மடிப்புல, ஒட்டிக்கிட்டு இருந்த ரெண்டு பக்கத்துக்கு நடுவுல, எஞ்சின் மாத்தினதுக்கான எழுத்து, புது நம்பர், கையெழுத்து, ஊதா முத்திரை. 1989. அப்பா அந்த ரசீதையும் உள்ளயே வச்சிருந்தாரு. உப்பு யாவாரம் பண்றவருக்கு நாலு நாள் வண்டி நின்னா நஷ்டம். அப்பவே டீசல் போட்டுக்கலாம், எல்லாரும் போட்டுக்கிட்டு இருந்த நேரம், லாபமாவும் இருந்திருக்கும். அவரு அதே 1489 பெட்ரோல தேடிப் பிடிச்சு, மூணு நடை நடந்து எழுதியும் வாங்கியிருக்காரு. ஏன்னு கேக்க ஆள் இல்ல. பாய்கிட்ட கேட்டேன். “அவருக்கு அந்த சத்தம் பழகிடுச்சி”ன்னாரு.

ஒரிஜினல்ங்கற வார்த்தைய அன்னிலேர்ந்து கொஞ்சம் அடக்கித்தான் பேசறேன். நம்பர் பொருந்தற எஞ்சின்தான் ஒரிஜினல்னு பார்த்தா என் வண்டி 1989லயே தோத்துப் போச்சு. ஆனா அந்த உடம்புக்குன்னு செஞ்ச அதே ரக எஞ்சின், பட்டறையில பையனுக்கு பாய் சொல்லிக் குடுக்கக்கூடிய எஞ்சின், மாத்தினத மறைக்காம எழுதி வச்ச எஞ்சின். எனக்கு அது போதும். ஏலத்துல கோடிக்கு விக்கற ஃபெராரிக்காரங்க நம்பர் பார்த்துக்கட்டும்.

உங்கள்ல யாராவது மாத்தித்தான் ஆகணும்னா, பிளாக்கே போச்சு, கிடைக்கவே இல்லன்னா, மாத்துங்க. முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு மாத்துங்க. கழட்டின எஞ்சின கிலோ கணக்குல போட்டுடாதீங்க. ஆயில ஊத்தி, பிளக் ஓட்டைய அடைச்சு, சாக்குல சுத்தி ஒரு மூலையில வைங்க. பாண்டி ஒயிட் டவுன்ல கல்யாண ஃபோட்டோ ஷூட்டுக்கு நிக்கற பழைய காரு ஒண்ணுல பானெட் தொறந்து பார்த்தேன், உள்ள ஏதோ வேன் எஞ்சின். ஓனர்கிட்ட பழைய எஞ்சின் எங்கன்னு கேட்டா, முப்பது ரூபா கிலோன்னு போட்டுட்டேன் சார்ங்கறாரு, சிரிச்சிக்கிட்டே. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

சரி, என் எஞ்சின் என்னாச்சு? பாய் பையன் பிளக் ஓட்டை வழியா டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊத்தி ஒம்பது நாள் ஊற வச்சான். பத்தாவது நாள் ஹேண்டில்ல ஒரு கால் சுத்து நகர்ந்துது. இறக்கிப் பார்த்தா மூணாவது சிலிண்டர்ல துரு. ஸ்லீவ் அடிச்சு, புது பிஸ்டன், ரிங்கு, பேரிங், வால்வு சீட்டு வளையம், ஓஸ் எல்லாம் சேர்த்து எழுபத்திரண்டாயிரம். மிச்சமான ஒரு லட்சத்த என்ன பண்ணலாம்னு நான் யோசிக்கறதுக்குள்ள பெட்ரூம்ல ஏசி ஓடுது.

மருமகன் குடுத்த அஞ்சாயிரம் அட்வான்ஸ் திரும்பி வரல. போன வாரம் வந்தான், முகத்த தூக்கி வச்சிக்கிட்டுத்தான் இருந்தான். சாவியக் குடுத்தேன். கை கியர் பழகாம ரெண்டாவதுக்கு பதிலா ரிவர்ஸத் தேடிக்கிட்டு இருந்தான் கொஞ்ச நேரம். கூனிமேடு வரைக்கும் போயிட்டு வந்து, “மாமா, பிரேக் ரொம்ப மோசமா இருக்கு”ன்னான். பூஸ்டர் கிட் அவன் செலவுல வாங்கித் தரேன்னிருக்கான். அதுக்கு முன்னாடி டிக்கி பாட்டத்துக்கு தகடு வெட்டி ஒட்டற வேலை நடக்குது. இன்னும் ரோடு தெரியுது.